டாக்டர் ஃபாஸ்டஸ் எந்த டெக்ஸ்ட் படிக்கணும்? அப்போ படிச்சவங்களும் இப்போ படிக்கிறவங்களும் சொல்லுங்க

கயல்_எம்ஏ

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. இங்கிலீஷ் முதல் வருஷம் படிக்கிறேன், இந்த செமஸ்டர்ல மார்லோவோட டாக்டர் ஃபாஸ்டஸ் இருக்கு, ஷேக்ஸ்பியர் காலத்து நாடகம், பிசாசுக்கு ஆத்மாவ வித்துடுற ஒரு அறிஞனோட கதை. மேடம் அவங்க படிச்ச காலத்து புக்க வச்சு நடத்துறாங்க, நான் மொபைல்ல வேற ஒரு எடிஷன் வச்சு ஃபாலோ பண்றேன், ரெண்டும் ஒத்தே வரல. ஏதோ ஒண்ணு ரெண்டு வார்த்தைன்னா பரவாயில்ல, போப்பாண்டவர் வர்ற எடத்துல அவங்க புக்ல ப்ரூனோன்னு ஒரு ஆளே இருக்கான், என்கிட்ட இல்ல. நல்ல தேவதை பேசுற வரி அவங்களுக்கு "நெவர் டூ லேட், இஃப் ஃபாஸ்டஸ் வில் ரிப்பென்ட்", எனக்கு "கேன் ரிப்பென்ட்" (ரிப்பென்ட்னா மனந்திரும்புறது). கேட்டா "பரீட்சைக்கு ரெண்டும் ஓகே"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. எது மார்லோ எழுதினது? அந்தக் காலத்துல இதையெல்லாம் எப்படி படிச்சாங்க, இப்ப எப்படி படிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_பேப்பர்

கயல், நல்ல எடத்துல கை வச்சிருக்கீங்க. மேடம் கையில இருக்கிறது 1616ல அச்சான பதிப்ப ஒட்டினது, உங்க மொபைல்ல இருக்கிறது 1604 பதிப்ப ஒட்டினது. முன்னது பி-டெக்ஸ்ட், பின்னது ஏ-டெக்ஸ்ட்னு சொல்லுவாங்க. ஏ சின்னது, சுமார் 1500 வரி. பி இன்னும் பல நூறு வரி கூட. மார்லோ செத்தது 1593லயே, அதனால ரெண்டுமே அவர் கண்ணுல பட்டதில்ல. 1604 பதிப்புல இன்னைக்கு மிஞ்சியிருக்கிறது ஒரே ஒரு காப்பி, ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் லைப்ரரில இருக்கு.

அந்தக் கூடுதல் வரியெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னா, ரோஸ் தியேட்டர் நடத்தின ஃபிலிப் ஹென்ஸ்லோ ஒரு கணக்கு நோட்டு வச்சிருந்தார், அது இன்னும் லண்டன் டல்விச் காலேஜ்ல பத்திரமா இருக்கு. அதுல 1602 நவம்பர்ல வில்லியம் பேர்ட், சாமுவேல் ரௌலின்னு ரெண்டு பேருக்கு ஃபாஸ்டஸ்ல சேர்த்து எழுதினதுக்காக 4 பவுண்டு கொடுத்ததா எழுதியிருக்கு. நாடகம் நல்லா ஓடிட்டிருந்தது, புதுசா சீன் வேணும்னு ஆள் வச்சு எழுத வாங்கியிருக்காங்க.

இன்னொரு விஷயம், 1606ல நாடக மேடையில கடவுள் பேர வீணா சொன்னா அபராதம்னு சட்டம் வந்துச்சு. இப்ப கடைசி சீன ரெண்டுலயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஏ-ல "ஓ ஐல் லீப் அப் டு மை காட்"னு கத்துறான், பி-ல அந்த "மை காட்" போய் "ஹெவன்" ஆகிடுது. ஏ-ல "மை காட், மை காட், லுக் நாட் ஸோ ஃபியர்ஸ் ஆன் மீ", பி-ல "ஓ மெர்ஸி, ஹெவன்". கிறிஸ்துவோட ரத்தம் வானத்துல ஓடுது பாருன்னு சொல்ற வரி இருக்கே, மார்லோவோட பெரிய வரிகள்ல ஒண்ணு, அது பி-ல கிடையவே கிடையாது.

அப்போ இப்போன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு இந்த நாடகமே பதில். டபிள்யூ. டபிள்யூ. கிரெக் 1950ல ரெண்டையும் எதிரெதிர் பக்கத்துல போட்டு ஒரு பெரிய பதிப்பு கொண்டு வந்தார், பி-தான் மூலத்துக்கு நெருக்கம், ஏ-ங்கிறது ஞாபகத்துல இருந்து ஒப்பேத்தினதுன்னு வாதாடினார். அவர் சொன்னா மறுபேச்சு இல்லாத காலம். அதனால ரொம்ப வருஷம் கிளாஸ்ல ஓடினது பி. 70கள்ல இருந்து காத்து திரும்பிடுச்சு, 1993ல பெவிங்டனும் ராஸ்முஸனும் ரெண்டையும் தனித்தனி நாடகமாவே போட்டாங்க, மார்லோவுக்கு கிட்ட இருக்கிறது ஏ-தான்னு இப்ப பெரும்பாலானவங்க சொல்றாங்க. மேடம் புக்கும் தப்பில்ல, உங்க மொபைலும் தப்பில்ல, நடுவுல ஒரு தலைமுறை ஆராய்ச்சி இருக்கு, அவ்வளவுதான்.

மேடைப்பித்தன்

சார் சொன்னதுக்கு மேல மேடைப் பக்கத்துல இருந்து ஒண்ணு. பி-டெக்ஸ்ட்ல கடைசி சீனுக்கு முன்னாடி லூசிஃபர் கும்பல் மேல நின்னு வேடிக்கை பாக்குது. ஃபாஸ்டஸ் கூடவே இருக்கிற பிசாசு மெஃபிஸ்டோஃபிலிஸ், ஃபாஸ்டஸ்கிட்டயே சொல்றான், நீ பைபிள எடுத்தப்ப பக்கத்த புரட்டி உன் கண்ண திருப்பி விட்டது நான்தான்னு. இந்தப் பேச்சு ஏ-ல கிடையாது. யோசிச்சுப் பாருங்க, ஏ-ல ஃபாஸ்டஸ் தனியா நிக்கிறான், அவன் பண்ணினதுக்கு அவன்தான் பொறுப்பு. பி-ல பிசாசு கையில பொம்மையா தெரியுறான். நடிக்கிறவனுக்கு இது ரெண்டு வேற வேற ரோல், உடம்புல வேற மாதிரி வரும். "கேன்" "வில்" விஷயமும் இதேதான், மனந்திரும்ப அவனால *முடியுமா*ங்கிறது ஒரு கேள்வி, திரும்ப அவனுக்கு *மனசு இருக்கா*ங்கிறது இன்னொரு கேள்வி. அந்தக் காலத்து கால்வின் மதக்காரங்க, யாருக்கு மீட்புன்னு கடவுள் முன்னாடியே தீர்மானிச்சுட்டார்னு நம்பின புராட்டஸ்டன்ட்காரங்க, ராத்திரி தூக்கம் கெட்டு யோசிச்ச கேள்வி அது.

எனக்கு இருக்கிற பெரிய வருத்தம், இதையெல்லாம் கண்ணால மட்டும் படிக்கிறாங்க. அந்தக் காலத்துல நடிகன் கையில முழு நாடகமே கொடுக்க மாட்டாங்க. அவனோட வசனம், அதுக்கு முன்னாடி எதிராளி முடிக்கிற ரெண்டு மூணு வார்த்தை, அவ்வளவுதான், நீளமா ஒட்டின சுருள்ல எழுதிக் கொடுப்பாங்க. ஃபாஸ்டஸா நடிச்ச எட்வர்ட் ஆலென் வேற ஒரு நாடகத்துல ஆர்லாண்டோவா நடிச்சதுக்கான சுருள் அதே டல்விச்ல இருக்கு, எதிராளி பேசுற எடத்துல ஒரு நீளக் கோடு, கோட்டு முனையில கடைசி வார்த்தை. எதிராளி எவ்வளவு நேரம் பேசுவான், என்ன சொல்வான்னு தெரியாம அந்த வார்த்தைக்கு காத திறந்து வச்சுகிட்டு மேடையில நிக்கணும். நான் நண்பர்களோட இப்படி துண்டுத் துண்டா எழுதிக் கொடுத்து படிச்சுப் பாத்திருக்கேன், ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்து கேக்குற அந்த கவனம் புக்க வச்சுகிட்டு வரவே வராது.

தமிழரசி_டீச்சர்

பிள்ளைகளா, நான் ரிட்டயர்டு லெக்சரர். எங்க காலத்தப் பத்தி நான் சொல்றேன். எங்களுக்கு வெரிட்டி நோட்ஸ் போட்ட ஷேக்ஸ்பியர், பக்கத்துல பிராட்லியோட ஷேக்ஸ்பியரியன் ட்ராஜெடி, 1904ல வந்த புக்கு, அத வேதம் மாதிரி வச்சிருந்தோம். பாத்திரங்கள நிஜ மனுஷங்களா நினைச்சு ஹாம்லெட் ஏன் தாமதிச்சான், ஒதெல்லோ ஏன் நம்பினான்னு பக்கம் பக்கமா எழுதுவோம். லேடி மேக்பெத்துக்கு எத்தனை குழந்தைன்னு தலைப்பு வச்சு எல். சி. நைட்ஸ் 1933லயே இந்த மாதிரி படிப்ப விமர்சனம் பண்ணிட்டார், ஆனா அந்தக் குரல் எங்க வகுப்புக்குள்ள வர பல வருஷம் ஆச்சு. பரீட்சைக்கு நாலு வரி கொடுத்து யார் யாருகிட்ட எப்ப சொன்னதுன்னு எழுதச் சொல்வாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். மனப்பாடம் பண்ணினத இப்ப எல்லாரும் மட்டமா பேசுறாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல. ஃபாஸ்டஸோட கடைசி ஒரு மணி நேரப் பேச்சு எனக்கு இன்னைக்கும் முழுசா வரும், மணி அடிக்கிற எடம் எங்க மூச்சு முட்டுதுன்னு நாக்குக்குத் தெரியும். மனசுல இருக்கிற பாட்டுதான் பின்னாடி நம்மளோட வளரும். மார்லோவும் ஷேக்ஸ்பியரும் படிச்ச கிராமர் ஸ்கூல்லயும் அதத்தான் பண்ணினாங்க, லத்தீன மனப்பாடம் பண்ணு, இங்கிலீஷ்ல எழுது, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி லத்தீன்ல மாத்து, மூலத்தோட ஒப்பிட்டுப் பாருன்னு ரோஜர் ஆஸ்கம் 1570ல வந்த புக்ல எழுதி வச்சிருக்கார்.

இன்னொண்ணு, இங்கிலீஷ் இலக்கியம்ங்கிற பாடமே அவ்வளவு பழசில்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 1828ல ஒரு பேராசிரியர் பதவி வந்துச்சு, ஆக்ஸ்ஃபோர்டுல தனித் துறை 1894லதான், கேம்பிரிட்ஜ்ல டிரைபோஸ், அதாவது அங்கத்து டிகிரி படிப்பு, 1917ல. கிரேக்கமும் லத்தீனும்தான் படிப்பு, சொந்த பாஷை நாடகத்த எதுக்கு பாடமா வைக்கணும்னு நினைச்சாங்க. அதுக்கு முன்னாடியே நம்ம ஊருப் பசங்க கல்கத்தாவுலயும் மெட்ராஸ்லயும் ஷேக்ஸ்பியர எழுதி பாஸ் பண்ணிட்டிருந்தாங்க, ஏன்னா காலனி அரசாங்கத்துக்கு குமாஸ்தா வேணும், அந்த குமாஸ்தாவோட மனசும் வேணும். கௌரி விஸ்வநாதன் 1989ல இதப் பத்தி முழு புக்கே எழுதியிருக்காங்க, கயல், அத கட்டாயம் படிம்மா.

கயல்_எம்ஏ

டீச்சர், மனப்பாடம் பத்தி சொன்னது மனசுல நிக்குது. சார், அந்த 1604 பதிப்ப நான் கண்ணால பாக்க முடியுமா? ஆக்ஸ்ஃபோர்டு போற வசதியெல்லாம் இல்ல.

பழைய_பேப்பர்

முடியும் கயல், இதுதான் உங்க தலைமுறைக்கு கிடைச்ச பெரிய வரம். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். 1926ல பொல்லார்டும் ரெட்கிரேவும் 1640 வரைக்கும் இங்கிலீஷ்ல அச்சான புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டாங்க. 1930களோட கடைசியில யூஜின் பவர்னு ஒரு அமெரிக்கர் அந்த பட்டியல வச்சுகிட்டு பிரிட்டிஷ் மியூசியம் புத்தகங்கள மைக்ரோஃபிலிம் எடுக்க ஆரம்பிச்சார். அப்புறம் பல வருஷம் பெரிய யுனிவர்சிட்டி லைப்ரரில இருட்டு ரூம்ல அந்த மெஷின்ல கண்ண வச்சு சுருள் சுத்துறதுதான் ஆராய்ச்சி. அந்த ஃபிலிமயே ஸ்கேன் பண்ணி ஈபோன்னு (அர்லி இங்கிலீஷ் புக்ஸ் ஆன்லைன்) இணையத்துல போட்டாங்க, ஆனா அதுக்கு சந்தா கட்டின யுனிவர்சிட்டிக்காரங்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். நம்மளுக்கு உதவினது டெக்ஸ்ட் க்ரியேஷன் பார்ட்னர்ஷிப். அந்த கால அச்சுல நீள எஸ் பாக்க எஃப் மாதிரியே இருக்கும், கம்ப்யூட்டர் படிச்சா கண்டபடி தப்பா படிக்கும், அதனால ஆள் வச்சு டைப் பண்ணினாங்க. 2015ல முதல் 25 ஆயிரம் புத்தகத்தயும் 2020ல மிச்சத்தயும் எல்லாருக்கும் இலவசமா விட்டுட்டாங்க, இப்ப மொத்தம் சுமார் 60 ஆயிரம். நாடகம், கவிதை, பிரசங்கம், சமையல் குறிப்பு, பேய் ஓட்டுற புத்தகம், எல்லாம் இருக்கு.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஸ்கிரீன்ல தெரியிறது *ஒரு காப்பி*. அந்தக் காலத்துல அச்சு ஓடும்போதே நிறுத்தி தப்ப திருத்துவாங்க, திருத்தாத தாளையும் தூக்கிப் போட மாட்டாங்க, காகிதம் விலை. அதனால ஒரே பதிப்போட ரெண்டு காப்பி முழுசா ஒத்துப்போகணும்னு இல்ல. சார்ல்டன் ஹின்மன்னு ஒருத்தர் இதுக்காகவே ஒரு மெஷின் செஞ்சார், ரெண்டு காப்பியோட ஒரே பக்கத்த கண்ணாடி வழியா மாத்தி மாத்தி காட்டும், வித்தியாசமான எழுத்து மட்டும் துடிக்கும். ஃபர்ஸ்ட் ஃபோலியோன்னா ஷேக்ஸ்பியர் நாடகங்கள ஒண்ணா சேர்த்து 1623ல அச்சான முதல் பெரிய தொகுப்பு, வாஷிங்டன் ஃபோல்ஜர் லைப்ரரில அதுல 82 காப்பி இருக்கு, அதுல நிறைய காப்பிய பக்கம் பக்கமா இப்படி ஒப்பிட்டு 1963ல வெளியிட்டார். எந்தப் பக்கத்த எந்த அச்சுக்கோப்பவர் கோத்தார், யாருக்கு எந்த ஸ்பெல்லிங் பழக்கம்னு வரைக்கும் கண்டுபிடிச்சார். ஷேக்ஸ்பியர் எழுதினதா நாம கொண்டாடுற சில வார்த்தை, கத்துக்குட்டி அச்சுப் பையனோட கைவேலையா இருக்கலாம்னு தெரிஞ்சது அப்பதான்.

டேட்டா_குமரன்

சார், இப்ப இதுக்கெல்லாம் மெஷின் கண்ணே வேணாமே, அந்த 60 ஆயிரம் ஃபைலயும் இறக்கி ப்ரோக்ராம் எழுதினா போச்சு. "அண்ட்", "பட்", "தி" மாதிரி சின்ன வார்த்தைய யார் எவ்வளவு அடிக்கடி போடுறாங்கன்னு எண்ணினாலே எழுதினவர் யாருன்னு தெரிஞ்சுரும். 2016ல வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு ஷேக்ஸ்பியர் பதிப்புல, ஷேக்ஸ்பியரோட ஹென்றி சிக்ஸ்த் நாடகம் மூணு பாகத்துலயும் மார்லோ பேர சேர்த்துட்டாங்கல்ல, இது அந்த வழியில வந்ததுதான். ரசனைய நம்புறத விட கணக்க நம்பலாம்னு நான் நினைக்கிறேன்.

தமிழரசி_டீச்சர்

குமரன் தம்பி, எண்ணுறதுல எனக்கு விரோதமில்ல. ஆனா மார்லோவோட நடைன்னு நீ எத வச்சு அளக்குற? அவர் எழுதினதா நம்மகிட்ட இருக்கிறது ஏழு நாடகம். அதுல ஒண்ணு இந்த ஃபாஸ்டஸ், இதுலயே இன்னொருத்தர் கை இருக்குன்னு மேல பேசிட்டிருக்கோம். இன்னொண்ணு மாஸக்கர் அட் பாரிஸ், அது கிடைச்சது அரைகுறையா சிதைஞ்ச பதிப்பு. அளக்குற கோலே சரியில்லாதப்ப தசமத்துல விடை சொன்னா எப்படிப்பா?

டேட்டா_குமரன்

நியாயமான கேள்வி டீச்சர். அதனாலதான் நல்ல ஆய்வுல சந்தேகமான பகுதிய ஒதுக்கிட்டு சோதிக்கணும், சின்ன சின்ன துண்டா வெட்டி பார்க்கணும். ஹென்றி சிக்ஸ்த்ல ஒரு ஆள் மட்டும் எழுதலங்கிறது பல முறையிலயும் வருது, அந்த இன்னொருத்தர் மார்லோதானாங்கிறதுலதான் இன்னும் சண்டை ஓடுது. சேர்ந்து எழுதுறது அன்னைக்கு சாதாரணம்ங்கிறதயாவது ஒத்துக்கலாம்ல, மிடில்டன்ங்கிற இன்னொரு நாடகாசிரியர் கை ஷேக்ஸ்பியரோட மேக்பெத்லயே இருக்குன்னு பெரும்பாலானவங்க ஏத்துக்கிறாங்க.

தமிழரசி_டீச்சர்

அத ஒத்துக்கிறேன். எங்க காலத்துல ஒரு மேதை, ஒரு அறை, ஒரு மெழுகுவர்த்தின்னு நினைச்சிருந்தோம். அது போனது நல்லதுதான்.

நிலா_வாசிப்பு

இவ்வளவு நேரம் படிச்சுட்டு வரேன், ஒரு பொம்பள பேர் கூட வரல, எடிட்டரும் நடிகனும் அச்சுப் பையனும் வந்தாச்சு. அப்போக்கும் இப்போக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா எனக்கு முதல்ல இதுதான் தோணும். எலிசபெத் கேரி மரியம்னு ஒரு துன்பியல் நாடகம் எழுதி 1613ல அச்சாச்சு, ஒரு பெண் சொந்தமா இங்கிலீஷ்ல எழுதி அச்சான முதல் நாடகம், தலைப்புப் பக்கத்துல பேர் கூட இல்ல, ஈ. சி.ன்னு எழுத்து மட்டும். ஏரோது ராஜா செத்துட்டான்னு சேதி வருது, அவன் மனைவி மரியம் அழுறதா சந்தோஷப்படுறதான்னு தெரியாம நிக்கிறதுல நாடகம் ஆரம்பிக்குது. அப்புறம் அவன் உயிரோட திரும்பி வந்துடுறான். பொம்பள பொது இடத்துல வாய தொறக்கலாமாங்கிறது முழு நாடகத்துலயும் ஓடுற கேள்வி. ஒதெல்லோவுக்குப் பக்கத்துல வச்சு படிங்க, டெஸ்டிமோனா பேசாத எடமெல்லாம் கேக்க ஆரம்பிக்கும்.

ஹெஸ்டர் புல்ட்டர்னு ஒரு கவிஞர், 17ஆம் நூற்றாண்டு, கிட்டத்தட்ட 120 கவிதை எழுதியிருக்காங்க, செத்துப் போன குழந்தைகளப் பத்தி, நட்சத்திரங்களப் பத்தி, உள்நாட்டுப் போரப் பத்தி. கையெழுத்துப்படி லீட்ஸ் யுனிவர்சிட்டி லைப்ரரில கிடந்துச்சு, 1996லதான் ஒரு ஆய்வாளர் கண்ணுல பட்டது. இப்ப புல்ட்டர் ப்ராஜெக்ட்னு எல்லா கவிதையும் இலவசமா கிடைக்குது, பல கவிதைக்கு ரெண்டு மூணு பேர் தனித்தனியா எடிட் பண்ணினத பக்கத்து பக்கத்துல வச்சு பாக்கலாம். எம்.ஏ.க்கு தலைப்பு தேடுறவங்க திரும்பத் திரும்ப ஹாம்லெட்டோட தாமதத்துக்கே போறது எனக்கு வேதனையா இருக்கு, இவங்களப் பத்தி எழுத வேண்டியது எவ்வளவோ பாக்கி.

கயல்_எம்ஏ

நிலா அக்கா, மரியம் இப்பவே தேடி எடுத்துட்டேன், தேங்க்ஸ். கவிதைக்கும் இதே மாதிரி ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் வார்த்தை மாறுற பாடபேதம் பிரச்சினை இருக்கா?

பழைய_பேப்பர்

கவிதைக்கு இன்னும் கூட. ஜான் டன் உயிரோட இருந்தப்ப அவர் கவிதை பெரும்பாலும் அச்சுக்கே போகல, நண்பர்கள் கையால காப்பி எடுத்து, அத இன்னொருத்தர் காப்பி எடுத்து அப்படியே சுத்துச்சு. 1631ல அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் தொகுப்பு அச்சாச்சு. கவிஞரே எழுதின படி மிக மிக அபூர்வம், ஆனா அடுத்தவங்க எடுத்த காப்பி ஆயிரக்கணக்குல இருக்கு. அதனால டன் கவிதைக்கு ஒரே ஒரு மூலம்னு தேடுறது பல நேரம் பலனில்லாத வேலை. யாரு நோட்டுல, எந்தக் கவிதைக்குப் பக்கத்துல, என்ன தலைப்புல எழுதி வச்சிருக்காங்கன்னு பாக்குறதுதான் இப்ப சுவாரசியமான ஆராய்ச்சி.

தமிழரசி_டீச்சர்

டன்னோட மதிப்பே ஏறி இறங்கினதும் சொல்லணும். சாமுவேல் ஜான்சன் 18ஆம் நூற்றாண்டுல ஒட்டாத ரெண்டு விஷயத்த பலவந்தமா ஒரே நுகத்துல பூட்டுறாங்கன்னு திட்டினார், அதுக்கப்புறம் ரொம்ப காலம் டன் ஓரமா கிடந்தார். 1912ல கிரியர்சன் நல்ல பதிப்பு கொண்டு வந்தார், 1921ல எலியட் ஒரு கட்டுரை எழுதினார், அப்புறம் நாங்க படிக்கிறப்ப டன் இல்லாம கவிதை வகுப்பே இல்ல. நிலா சொன்ன புல்ட்டருக்கும் அப்படி ஒரு காலம் வரணும்.

மேடைப்பித்தன்

படிச்சவங்க விட்டுப்போன தடயம் பத்தி ஒருத்தரும் சொல்லலயே. பாட்லியனுக்கு 1623ல ஃபர்ஸ்ட் ஃபோலியோ வந்துச்சு. அந்த லைப்ரரிய ஆரம்பிச்ச தாமஸ் பாட்லிக்கு நாடகப் புத்தகம்னாலே ஆகாது, குப்பைன்னு எழுதியிருக்கார். அப்புறம் 1664ல தேர்ட் ஃபோலியோ வந்ததும் பழசு எதுக்குன்னு ஃபர்ஸ்ட் ஃபோலியோவ கழிச்சு விட்டுட்டாங்க. 1905ல ஒருத்தர் வீட்டுப் பழைய புத்தகம்னு கொண்டு வர, அது அவங்களோட காப்பியேதான்! ஊர்ல பணம் வசூல் பண்ணி 3000 பவுண்டுக்கு திரும்ப வாங்கினாங்க. அதுல எந்தப் பக்கம் ரொம்ப தேஞ்சிருக்கு தெரியுமா, ரோமியோ ஜூலியட் பால்கனி சீனுக்கு எதிர்ப் பக்கம். சங்கிலியில கட்டியிருந்த புத்தகம், 17ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்ஃபோர்டு பசங்க அந்தப் பக்கத்த திறந்து வச்சு முழங்கைய ஊன்றி படிச்சிருக்காங்க. எனக்கு இத நினைச்சாலே சந்தோஷமா இருக்கும்.

பழைய_பேப்பர்

இதோட சேர்த்து 2019ல நடந்ததயும் சொல்லிடுறேன். ஃபிலடெல்ஃபியா பொது லைப்ரரில 1944ல இருந்தே ஒரு ஃபர்ஸ்ட் ஃபோலியோ இருக்கு, ஓரமெல்லாம் யாரோ பேனாவால குறிச்சிருக்காங்க, குவார்ட்டோவோட, அதாவது ஒவ்வொரு நாடகமும் தனியா சின்ன அளவுல அச்சான பதிப்போட, ஒப்பிட்டு வரியத் திருத்தியிருக்காங்க. க்ளேர் போர்ன்ங்கிற ஆய்வாளர் அந்தக் குறிப்பப் பத்தி கட்டுரை எழுதினாங்க, படத்த பார்த்த கேம்பிரிட்ஜ் ஜேசன் ஸ்காட்-வாரன் இது கவிஞர் மில்டன் கையெழுத்து மாதிரி இருக்கேன்னு பிடிச்சார். மில்டன் கண்ணு போறதுக்கு முன்னாடி ஷேக்ஸ்பியர பாடபேதம் பார்த்து படிச்ச காப்பி! கயல் க்ளாஸ்ல ரெண்டு டெக்ஸ்ட் வச்சு ஒத்துப் பாத்தாங்களே, அதே வேலைதான்.

டேட்டா_குமரன்

ஒரு சின்ன விஷயம், ஏஐ கிட்ட கேட்டு மேற்கோள் எடுக்காதீங்க கயல். இல்லாத வரிய அழகான ப்ளாங்க் வெர்ஸ்ல (மார்லோ எழுதின, வரிக்கடைசியில இயைபு இல்லாத செய்யுள் நடை) எழுதி மார்லோ சொன்னார்னு கொடுக்கும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேப்பர் இப்படித்தான் ரிஜெக்ட் ஆச்சு. வரிய எடுக்கணும்னா மேல சார் சொன்ன டெக்ஸ்ட்லயே தேடி எடுங்க.

கயல்_எம்ஏ

சரிங்க குமரன். முடிவு பண்ணிட்டேன். டிஸர்டேஷனுக்கு ஃபாஸ்டஸோட கடைசி சீன் மட்டும், ஏ-யும் பி-யும் வரிக்கு வரி, 1606 சட்டம் எங்கெங்க கை வச்சிருக்கு, எங்க வைக்காம விட்டிருக்குன்னு. பி-லயும் "மை க்ரைஸ்ட்"னு ஒரு எடத்துல தப்பிச்சு நிக்குது, அது ஏன்னு எனக்கு தெரிஞ்சே ஆகணும். சார், கடைசியா ஒண்ணு, 1604 பதிப்புல இருந்து மேற்கோள் காட்டணும்னா என்ன நம்பர் போடணும்? அங்கம், காட்சி எதுவுமே கண்ணுல படல.

பழைய_பேப்பர்

அங்கம், காட்சியெல்லாம் பின்னாடி வந்த எடிட்டர்கள் பிரிச்சது. அந்தக் காலத்து நாடக குவார்ட்டோல பெரும்பாலும் பக்க எண்ணும் கிடையாது. பக்கத்தோட அடியில ஏ2, பி3ன்னு ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும், தாள மடிச்சு தைக்கிறவனுக்கு வரிசை தெரியிறதுக்கு. குவார்ட்டோன்னா ஒரு தாளுக்கு நாலு ஏடு, அதனால ஒவ்வொரு எழுத்தும் நாலு வரைக்கும் போகும், கடைசி ஏட்டுல பெரும்பாலும் அச்சடிச்சிருக்காது, நீங்களே எண்ணிக்கணும். ஏட்டோட முன்பக்கம்னா ரெக்டோ, பின்பக்கம்னா வெர்ஸோ, அத எண்ணுக்குப் பக்கத்துல போட்டுடுங்க. 1616க்கும் இதே முறைதான். ரெண்டு பதிப்பயும் ஒரே டேபிள்ல போடுறப்ப வரி எண் தானா ஒத்து வராது, அதனால முதல்ல ஏ-டெக்ஸ்ட்ல மணி பதினொண்ணு அடிக்கிற எடத்துல இருந்து எண்ண ஆரம்பிங்க, பி-லயும் அங்கிருந்தே எண்ணுங்க.